தலைப்பிரட்டைப் பாறை

கூவைப்பாறை அருவியில் ஆட்களை ஏற்றிக் கூட்டிப்போவது ஜெபராணியின் தொழில். ஒரு தடவைக்கு நான்கு பேருக்கு மேல் கூட்டிப்போக மாட்டாள். பாறையில் ஆணி அடிக்க விடமாட்டாள். கயிற்றை மரத்தில் கட்டுமுன் பட்டை உரியாமல் இருக்கச் சாக்கைச் சுற்றுவாள். யாராவது சோப்பும் ஷாம்பூ பாக்கெட்டும் கொண்டுவந்தால் வாங்கி ஜீப்பில் வைத்துப் பூட்டிவிடுவாள்.

அவளிடம் தொழில் கற்க வந்த வேலப்பன் அவளைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். மலைப்பாதையில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கற்றுக்கொடுக்கிறவரை ஆசான் என்று கூப்பிடுவது அவர் ஊர் வழக்கம். அவளையும் அப்படியே கூப்பிட்டார். அவள் அவரை அண்ணே என்றாள்.

இரண்டு மழைக்காலம் அவள் பின்னாலேயே ஏறி இறங்கியவர், ஒருநாள் காலையில் கேட்டார்.

“ஆசானே, நல்ல வழிகாட்டின்னு யாரைச் சொல்லலாம்?”

ஜெபராணி கயிற்றைத் தோளில் இருந்து கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

“இன்னைக்கு நீங்க முன்னால போங்க. நான் கடைசியில வாறேன்.”

அன்று வந்தவர்கள் இரண்டே பேர். நஜ்மாவும் அவள் கணவன் அன்சாரியும். ஸ்கூட்டர் விபத்தில் கால் முறிந்து நஜ்மா பல மாதம் படுக்கையில் கிடந்தவள். கிடந்தபோது, எழுந்து நடந்தால் ஓர் அருவியின் தலையில் போய் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாளாம். ஜீப்பில் வரும்போதே அதை வேலப்பனிடம் சொன்னாள்.

“அங்க கொண்டுபோய் நிறுத்திருவோம்மா,” என்றார் அவர். “நான் யாரையும் பாதி வழியில இறக்கிவிட்டதில்ல.”

நன்றாகத்தான் ஏறினார்கள். எந்தக் கல் ஆடும், எங்கே பாசி வழுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நஜ்மா வலது காலை ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்தாள். நிற்கவில்லை. அருவியின் சாரல் முகத்தில் அடித்தது. ஜெபராணி கடைசியில் வந்தாள்.

உச்சிக்குக் கீழே ஒரு சாய்வுப் பாறை. பாய் விரித்த அகலம் இருக்கும். அதன் இடப்பக்கம் முழு நீரும் விழுகிறது. வலப்பக்கம் பெரணி முளைத்த பொலபொல மண், கைவைத்தால் பெயர்ந்து வரும். பாறையைத் தாண்டினால் உச்சி.

வேலப்பன் கையை ஊன்றப் போய் எடுத்துக்கொண்டார்.

பாறை முழுக்கத் தலைப்பிரட்டைகள். மேலே வழிந்த மெல்லிய ஈரத்தில் கல்லோடு ஒட்டிக்கிடந்தன. கல்லின் நிறமேதான். வால் அசைந்ததால் தெரிந்தது. அவர் காலைத் தூக்கி ஓர் இடம் தேடினார். நிழல் பட்டதும் ஒன்று துள்ளி இன்னொன்றின் மேல் விழுந்தது. காலைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

“ஆசானே,” என்று கீழே பார்த்துக் கூப்பிட்டார். “கொஞ்சம் மேல வாங்க.”

“முன்னால போறது நீங்கதானே அண்ணே,” என்றாள் அவள். அங்கேயே நின்றாள்.

நஜ்மா அவர் பக்கத்தில் வந்துவிட்டாள். “என்னண்ணா, ஏன் நின்னுட்டீங்க?”

அவர் காட்டினார். அவள் கண்ணுக்கு அவை தெரியச் சற்று நேரம் ஆனது.

“பாத்துக் கால் வெக்கிறேன்.”

“வெக்க இடமில்லம்மா.”

“ஓரமாப் போனா?”

“ஓரம் நிக்காது.”

கீழே இருந்து அன்சாரி கேட்டான். “எதுக்கு நிக்கிறோம்?”

நஜ்மா சொன்னாள். அவன் சிரித்தான். பிறகுதான் அவள் விளையாடவில்லை என்று தெரிந்தது. “தவளைக் குஞ்சா? மழை பெஞ்சா ஊரெல்லாம் தவளைதான். அவ எப்படிக் கிடந்தா தெரியுமா உங்களுக்கு?”

உச்சியில் ஒரு செடி காற்றில் ஆடுவது அங்கிருந்தே தெரிந்தது. நான்கைந்து எட்டு வைத்தால் போதும். நஜ்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் காலைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். ஜெபராணியை மட்டும் மறுபடி பார்க்கவில்லை.

“இறங்கலாம்மா,” என்றார்.

நஜ்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பினாள். இறங்கும்போது இரண்டு தடவை அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டாள்.

ஜீப் நிற்கும் இடத்தில் அன்சாரி ஜெபராணியிடம் சொன்னான். “வேற ஆளோட போயிருக்கலாம்.”

“போகலாம்,” என்றாள் அவள். “மழை விட்டு இந்தக் குஞ்செல்லாம் போன பிறகு வந்தீங்கன்னா நாங்களே கூட்டிப்போறோம்.”

“அதெல்லாம் வேண்டாம்.”

நஜ்மா தலையைத் துவட்டிக்கொண்டு அருவியைப் பார்த்தாள். பிறகு வண்டிக்குள் ஏறிக்கொண்டாள். அவர்களை ஊர்ச் சாலையில் விட்டுவிட்டு இருவரும் திரும்பி வந்தார்கள். கயிற்றை நனைந்தபடி வைக்கக்கூடாது. இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினார்கள்.

வேலப்பன் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுச் சொன்னார்.

“அந்தப் பொண்ணு இனி வராது.”

“வராமப் போகலாம்.”

“நாளைக்கு வேற ஒருத்தன் நாலு பேரைக் கூட்டிட்டு ஏறுவான். அந்தக் குஞ்சுக மேல மிதிச்சுட்டுத்தான் போவான்.”

“போவான்.”

“யாரும் மிதிக்கலேன்னாலும், ஒரு பெரிய மழை பெஞ்சா எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும்.”

“நானும் பாத்திருக்கேன்.”

அவர் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். முடிச்சு சரியாகத்தான் இருந்தது.

“அவ முகத்தைப் பாத்துக்கிட்டே இறக்கிக் கூட்டிவந்தேன் ஆசானே. நான் என்னத்துக்கு அப்படிச் செஞ்சேன்னு அவளுக்கும் புரியல, அவ புருஷனுக்கும் புரியல. யாருக்குமே தெரியாது.”

ஜெபராணி கயிற்றைக் கையால் நீவித் தண்ணீரை வழித்துவிட்டாள்.

“ஆமா அண்ணே, காலையில கேட்டீங்கல்ல, அது இதுதான்,” என்றாள். “தலைப்பிரட்டைக்கும் தெரியாது.”