அரக்கு முடிச்சு

கப்பலுக்குப் பாயும், மாட்டுக்குப் பொதியுமாக உலகம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் கடலோரத்து நெய்தல்பட்டணத்தில் அம்பலவாணர் என்று ஒரு துணி வணிகர் இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவரைத் திட்டாதீர்கள். திட்ட வேண்டியது வந்தால் நானே திட்டுகிறேன்.

கெட்டிக்காரர். துணியைத் தொட்டே எந்த ஊர்த் தறி என்று சொல்வார். நாற்பது பொதிமாடுகள் அவருக்கு. மாடு ஒன்றுக்கு இரண்டு பொதி. கடலோரத்துத் துணியை மலையடிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுத்தான் அவர் அத்தனை பெரிய ஆளானார்.

மாடுகளை ஓட்டிப்போகும் ஆட்களுக்குத் தலைவன் கொம்பையா. பன்னிரண்டு வயதில் மாட்டுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியவன். எந்த ஆற்றுத் துறையில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் ஓடும், எந்த மாடு எந்த இடத்தில் மிரளும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அம்பலவாணரே பத்துப் பேர் நடுவில் சொல்லியிருக்கிறார், "சந்தைக்குப் போற வழி எனக்குத் தெரியாது. கொம்பையாவைத் தெரியும், அது போதும்" என்று.

ஒரு தடவை, வழியில் எவனோ ஒரு பொதியை அவிழ்த்து நாலு புடவையை உருவிவிட்டான். நாலே நாலு புடவைதான். அம்பலவாணருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஒரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பொதியையும் மாட்டின் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை வைத்தார்.

"இந்த முடிச்சை அவிழ்க்கணும்னா என்னைக் கேட்டு அவிழ்க்கணும். ராத்திரி மாட்டை இளைப்பாற விடணும்னா கயிற்றை நெகிழ்த்துங்க, முடிச்சைத் தொடாதீங்க. யாரா இருந்தாலும் சரி" என்றார்.

"சரிங்க ஐயா" என்றான் கொம்பையா.

முத்திரை வைத்த பிறகு முதல் பயணம். வழியில் ஒரு சதுப்பு. பெருமழைக்குப் பின் கால் வைத்த இடமெல்லாம் புதைசேறு. ஆறு மாடுகள் வயிறுவரை அமிழ்ந்துவிட்டன. கொம்பையா யோசிக்கவே இல்லை. இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து ஆறு மாட்டின் முடிச்சையும் அறுத்தான். பொதி சேற்றுக்குப் போனது, மாடு கரைக்கு வந்தது. ஆறு உயிர் பிழைத்த சந்தோஷத்தில் ஊர் திரும்பினான், பாவம்.

அம்பலவாணர் மாட்டைப் பார்க்கவில்லை. அறுந்த கயிற்றைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு அறுத்தே?"

"ஐயா, கேக்கறதுக்கு நேரம் இல்லீங்க. மாடு முங்கிப் போச்சு..."

"தலை இருக்க வால் ஆடலாமா, கொம்பையா? வாலாடின உனக்கு வால்தான் இடம். இந்த வருஷம் முழுக்க நீ கடைசி மாட்டுக்குப் பின்னால நட."

நாற்பது வயது மனிதனை, எல்லா ஆட்களும் பார்த்து நிற்க, கடைசி மாட்டுக்குப் பின்னால் நடக்கவிட்டார். மாடு போடும் சாணத்தை மிதித்துக்கொண்டே அவன் ஒரு வருஷம் நடந்தான். அம்பலவாணருக்கு அவன் மேல் வன்மம் ஒன்றும் இல்லை. ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் அறுப்பார்கள் என்று நினைத்தார். அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வருஷம் முடிந்ததும் அவனையே மறுபடி முன்னால் விட்டார். அவனளவுக்கு வழி தெரிந்த ஆள் வேறு இல்லையே!

அவன் மறுபடி முன்னால் போன பயணம். நடுவழியில் தூறல் பிடித்துப் பொதிகள் ஈரமாகிவிட்டன. துணிக்கு ஈரம் ஆகாது, உடனே பிரித்து வெயிலில் உலர்த்த வேண்டும். வெயிலும் நன்றாக அடித்தது. கொம்பையா முடிச்சைப் பார்த்தான். அரக்கைப் பார்த்தான். ஒரு ஆளைக் கூப்பிட்டு, "ஓடிப்போய் ஐயாவைக் கேட்டுட்டு வா" என்றான்.

போக மூன்று நாள், வர மூன்று நாள். "உலர்த்தலாம்" என்ற உத்தரவு வந்து சேர்ந்தபோது பாதித் துணியில் கரும்புள்ளி விழுந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. சந்தையில் அதைச் சும்மாட்டுத் துணியாகக்கூட எவனும் வாங்கவில்லை.

கொம்பையா பயந்துகொண்டே ஊர் திரும்பினான். அம்பலவாணர் என்ன செய்தார் தெரியுமா? அவனைக் கட்டிக்கொண்டார்! எல்லாரையும் கூட்டி, அவன் தலையில் பட்டுத் தலைப்பாகை கட்டிவிட்டார்.

"துணி போனாப் போகட்டும். கேட்டுச் செஞ்சான் பாருங்க, இவன்தான் விசுவாசி" என்றார்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறு உயிரைக் காப்பாற்றியவனுக்குச் சாணம், பாதிச் சரக்கைப் பாழாக்கியவனுக்குப் பட்டு! ஒரே ஆளுக்குத்தான் இரண்டும். இதிலிருந்து அவன் என்ன பாடம் படித்துக்கொள்வான், நீங்களே சொல்லுங்கள். அவனோ நல்ல மாணவன். ஒரே தடவையில் படித்துக்கொண்டான்.

அதற்கடுத்த பயணம். மலையடியில் பெரிய திருவிழாச் சந்தை. அம்பலவாணரே கூட வந்தார். வழியில் கருமணியாறு. முழங்கால் அளவுதான் தண்ணீர். "நான் முன்னால போய் அக்கரையில இடம் பார்க்கிறேன், பின்னாடியே மாட்டை இறக்கு" என்று சொல்லிவிட்டு, நனையாமல் பரிசலில் ஏறிப் போய்விட்டார்.

அவர் அக்கரை சேரும் நேரத்தில் இக்கரையில் தண்ணீர் கலங்கியது. செந்நிறமாக நுரை வந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மலையில் மழை, வெள்ளம் வருகிறது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? பழைய கொம்பையாவாக இருந்தால் மாட்டைத் திருப்பியிருப்பான். இவன் அக்கரையைப் பார்த்தான். அங்கே நிற்பவரைக் கேட்க வழி இல்லை. பின்னாடியே இறக்கு என்ற உத்தரவு மட்டும் இருந்தது. இறக்கினான்.

பதினான்கு மாடுகள் நடு ஆற்றுக்கு வந்தபோது வெள்ளம் வந்தது.

அம்பலவாணர் அக்கரையில் நின்று பார்த்தார். தண்ணீர் மாடுகளின் விலாவுக்கு ஏறியது, பிறகு முதுகுக்கு ஏறியது. பொதிகள் ஊறி ஊறிக் கனத்தன. வெறும் மாடு வெள்ளத்தில் நீந்தும். ஈரத் துணிப் பொதி இரண்டைச் சுமந்த மாடு எப்படி நீந்தும்? முடிச்சை அறுத்தால் போதும், அத்தனையும் பிழைக்கும். கொம்பையாவின் இடுப்பில் அரிவாள் இருந்தது. அவன் கை அதன் மேல்தான் இருந்தது. அக்கரையிலிருந்து அம்பலவாணருக்கு அது நன்றாகத் தெரிந்தது.

ஆனால் அவன் அறுக்கவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவரைப் பார்த்தான்.

"அறுடா! அறுத்து விடுடா கொம்பையா!" என்று கத்தினார் அம்பலவாணர். வெள்ளத்தின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அவன் காதில் கை வைத்துக் காட்டினான். கேட்கவில்லை ஐயா, என்ன சொல்கிறீர்கள் என்று.

மேல்துண்டை எடுத்து வீசினார். விடு, விடு, எல்லாவற்றையும் விட்டுவிடு என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

கொம்பையா தலையை அசைத்தான். அரிவாளிலிருந்து கையை எடுத்தான். முன் மாட்டின் கயிற்றைப் பிடித்து, அவரை நோக்கி இழுக்கத் தொடங்கினான்.

அவர் விடச் சொல்லி ஆட்டிய கையை, அவன் வரச் சொல்வதாக எடுத்துக்கொண்டான்.

பதினான்கு மாடும் போயின. கொம்பையாவும் போனான். அவனோடு ஆற்றிலிருந்த ஆட்களில் ஒருவன் மட்டும் மரக்கிளையைப் பிடித்துத் தப்பினான். "அறுத்துரலாம்ணேன்னு கெஞ்சினேன் ஐயா. 'பொறுடா, ஐயா வரச் சொல்லிக் கை காட்டுறாங்க'ன்னு சொன்னாரு. அதுதான் அவரு கடைசியாப் பேசினது" என்று அவன் அழுதான்.

அம்பலவாணர் சந்தைக்குப் போகவில்லை. நேரே கொம்பையாவின் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி பேச்சி வாசலில் நின்றாள். "அறுக்கச் சொல்லித்தான் கத்தினேன் தாயி. அவனுக்குக் கேட்கலை" என்றார்.

பேச்சி அழவில்லை. "உசுரு பிழைக்கிறதுக்கும் உங்களைத்தானேய்யா கேட்டு நின்னுருக்காரு" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அந்தக் குடும்பத்துக்கும், ஆற்றோடு போன மற்ற ஆட்களின் குடும்பங்களுக்கும் அவர் ஆயுசு முழுக்க ஒரு குறையும் வைக்கவில்லை. நிலம் கொடுத்தார், பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கும்பிடாமல் இருப்பதற்கு அது மேல்தான், ஆனால் சூரியன் தெரியாது.

அரக்கையும் முத்திரையையும் அன்றோடு நிறுத்தினார். மிச்சமிருந்த ஆட்களை எல்லாம் கூட்டினார். "இனிமே வழியில என்னைக் கேட்க வேண்டாம். மாட்டைக் காப்பாத்துங்க, உங்களைக் காப்பாத்திக்கங்க. உங்க புத்திக்கு எது சரின்னு படுதோ, அதைச் செய்ங்க" என்றார்.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதிய தலைவன் முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த பணிவோடு சொன்னான்: "ஆகட்டுங்க ஐயா. எதை எதைக் கேக்காமச் செய்யணும்னு ஐயா ஒருதடவை சொல்லிட்டீங்கன்னா, அப்படியே செஞ்சுடறோம்."

அம்பலவாணர் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் கேலி செய்யவில்லை. பயந்து கேட்டான். தான் இத்தனை காலமாக ஊற்றிய அரக்கு கயிற்றில் மட்டும் ஒட்டவில்லை என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளே: ஒருவன் தோளில் பொறுப்பை ஏற்றுகிறவன், அதைச் செய்து முடிக்கும் அதிகாரத்தையும் அன்றைக்கே அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.