சுக்குக் காப்பியும் கொப்புளக் கால்களும்

மங்கையர்க்கரசி டீச்சருக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் படித்த திருமலைச்சாமிக்கு ஐம்பத்தெட்டு. இருவரும் சேர்ந்து நடந்து போனால், மகளைக் கல்லூரியில் விட்டுவர அப்பா போகிறார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அப்பாவின் கையில் இருக்கும் மஞ்சள் பைக்குள் பொருளாதாரம் முதலாம் ஆண்டுப் புத்தகம் இருப்பது யாருக்குத் தெரியும்?

திருமலைச்சாமி திண்டுக்கல் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். கடைசி நாளன்று அதிகாரி அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார்.

"நீங்க செய்யிற எல்லா வேலையையும் இனிமே மெஷின் உங்களைவிட நல்லா செய்யும். நீங்க வீட்ல நிம்மதியா இருங்க."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வம்பாகிப் போனது. அதட்டிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீட்டில் மருமகளும் அதையேதான் சொன்னாள். அவர் துடைப்பத்தை எடுத்தாலும் சரி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் சரி, ஓடி வந்து வாங்கிக்கொள்வாள். "நீங்க இருங்க மாமா, நான் பாத்துக்கிறேன்." தங்கமான பெண். அவளையும் குறை சொல்ல முடியாது.

எதையுமே மற்றவர்களைவிட நன்றாகச் செய்யத் தெரியாத ஒருவன் எதற்காக இருக்க வேண்டும்? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் அவர் மாலைநேரக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய அதிர்ஷ்டம், புத்தகத்தின் மூன்றாவது பாடத்திலேயே அந்தக் கேள்வி இருந்தது. அதில் இரண்டு நாடுகள் வரும். ஒரு நாடு துணியையும் சீக்கிரம் நெய்யும், நெல்லையும் சீக்கிரம் விளைவிக்கும். இன்னொரு நாடு இரண்டிலும் மந்தம். ஆனாலும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் இரண்டு நாட்டுக்கும் லாபம் என்று புத்தகம் சொன்னது.

திருமலைச்சாமி எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, ரெண்டையும் அவன்தான் நல்லா செய்யிறானே. அப்புறம் இந்த நாடு எதுக்குங்க?"

வகுப்பு சிரித்தது. பின் பெஞ்சில் இருந்து ஒரு குரல் வந்தது. "பேசாம அந்த நாட்டுக்கே குடி போயிருங்க தாத்தா."

டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் கட்டம் போட்டு, எண்களை எழுதி, மெதுவாக விளக்கினார். திருமலைச்சாமி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினார்.

"எண்ணு புரியுதுங்க. நம்பிக்கைதான் வரல."

டீச்சர் பலகையைத் துடைத்தார்.

"இதுக்கு மேல என்கிட்ட இப்ப பதில் இல்லைங்கய்யா. கிடைக்கும்போது சொல்றேன்."

மூன்று மாதம் போனது. பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை. திருமலைச்சாமியும் மறுபடி கேட்கவில்லை.

தை பிறந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாரை சாரையாக வரத் தொடங்கினார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டி, சாலையோரம் கல்லூரி சார்பாக ஒரு பந்தல் போட்டார்கள். அங்கே இரண்டே வேலைதான். சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பது ஒன்று. நடந்து நடந்து கொப்புளம் போட்ட கால்களைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவது இன்னொன்று. மற்ற மாணவர்கள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள், சனி ஞாயிறு மட்டும் வந்தார்கள். மற்ற நாட்களில் டீச்சரும் திருமலைச்சாமியும்தான்.

டீச்சரின் அம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அந்தக் கை அப்படியே மகளுக்கும் வந்திருந்தது. வெந்நீரில் கழுவி, ஒற்றி எடுத்து, மருந்து வைத்துக் கட்டினால், ஒரு காலுக்கு மூன்று நிமிடம். கட்டு பழனி மலை ஏறி இறங்கினாலும் அவிழாது.

திருமலைச்சாமிக்கு ஒரு காலுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். பத்தடி போவதற்குள் அவர் கட்டிய துணி அவிழ்ந்து, வால் மாதிரி பின்னால் இழுபடும். அதனால் முதல் நாளே அவரை அடுப்புக்கு அனுப்பிவிட்டார் டீச்சர்.

அடுப்பிலும் அவர் ஒன்றும் புலி இல்லை. கருப்பட்டியை உடைக்கத் தட்டுத் தடுமாறுவார். காய்ச்சி, மண் போக வடிகட்டி, சுக்கு மல்லிப் பொடி போட்டு இறக்க, ஒரு பானைக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

ஐந்தாம் நாள் சுக்கு தூக்கலாகப் போய்விட்டது. காரைக்குடிப் பக்கத்துப் பையன்கள் ஒரு வாய் குடித்துவிட்டு இருமினார்கள்.

"தாத்தா, இது காப்பியா கஷாயமா?"

கூட்டம் குறைவாக இருந்த நேரம். டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார், பானையைக் கழுவினார், கருப்பட்டியை இரண்டே தட்டில் உடைத்தார். பதினைந்து நிமிடத்தில் பானை தயார். அதே பையன்கள் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

திருமலைச்சாமி ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தோளில் பையோடு வந்து நின்றார்.

"டீச்சரம்மா, நான் ஊருக்குக் கிளம்புறேன். காலேஜுக்கும் இனிமே வரலைங்க."

"காப்பிக்காகவாங்கய்யா?"

"காப்பிக்காக மட்டும் இல்லைங்க." பையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார். "புஸ்தகத்துல படிச்சப்பக்கூட எனக்கு உறைக்கல. நேத்துக் கண்ணால பாத்துட்டேன். நான் அரைமணி நேரம் போராடுறதை நீங்க பாதி நேரத்துல முடிச்சிட்டீங்க. ருசியும் அதுதான் ருசி. கால் கட்டுறதைப் பத்திக் கேக்கவே வேணாம். ரெண்டுலயும் நீங்கதாங்க கெட்டி. நான் சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு?"

அப்படியெல்லாம் இல்லைங்கய்யா என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். சமாதானம் சொல்வது சுலபம்தான். ஆனால் அந்த மாதிரி ஆறுதலை அந்த மனிதர் நிறையக் கேட்டிருந்தார்.

"பஸ் எத்தனை மணிக்குங்க?"

"ஒம்போதரைக்கு."

"பந்தலுக்கு முன்னாடியே நிக்கும். அதுவரைக்கும் அந்தப் பெஞ்சுல உக்காருங்க. வெயில் ஏறுது."

திருமலைச்சாமி உட்கார்ந்தார். போகாதீர்கள் என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்வார் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தார். சொல்லாதது சுருக்கென்று தைத்தது. எவ்வளவு வயதானாலும் மனசுக்கு இதெல்லாம் வேண்டித்தான் இருக்கிறது.

சற்று நேரத்தில் மேலூர்ப் பக்கத்துக் கூட்டம் ஒன்று வந்து பந்தலில் இறங்கியது. நாற்பது பேர் இருப்பார்கள். ஏழு பேர் பாயில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். மற்றவர்கள் அடுப்புப் பக்கம் போனார்கள். பானை காலி. போடுகிறவர்தான் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே.

டீச்சர் இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டார். அதற்குள் அடுப்புப் பக்கம் சத்தம் கூடியது. விடியும் முன்பிருந்து நடந்து வந்தவர்கள், வெறும் வயிறு. டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய் அடுப்பை மூட்டினார்.

பாயில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஓரத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். உள்ளங்கால் கொப்புளம் உடைந்து, தோல் கிழிந்து, பொடிக்கல் ஏறியிருந்தது. அவள் திருமலைச்சாமியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, நீங்க கட்டுவீகளா?"

"எனக்குக் கட்ட வராதும்மா. டீச்சரம்மா இப்ப வந்துருவாங்க."

"எங்க ஆளுக கிளம்பிருவாகளே."

"இப்ப வந்துருவாங்கம்மா."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு தானாகவே பேசினாள். "மகனுக்கு ஆப்பரேசன். பொழைச்சு வந்தா வெறுங்கால்ல நடந்து வாரேன்னு நேந்துக்கிட்டேன். வந்துட்டான்." சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

திருமலைச்சாமி அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் கிண்டிக்கொண்டிருந்தார். வேகமான கை. பந்தல் முழுக்கக் கருப்பட்டியும் சுக்குமாக நல்ல மணம். அந்த மணம் இன்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. பானையை இறக்க இன்னும் ஏழெட்டு நிமிடமாவது ஆகும்.

"வெற்றிவேல்!" என்று கூட்டத்தின் தலைவர் குரல் கொடுத்தார். "குடிக்கிறவக அடுத்த பந்தல்ல குடிங்க. உச்சி வெயிலுக்கு முன்னாடி போயிரணும்."

"வீரவேல்!" என்று எல்லோரும் எழுந்தார்கள். பச்சைச் சேலைக்காரியும் கையை ஊன்றி எழுந்தாள். காலைத் தரையில் வைத்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டடி நடந்தாள். பாயில் ஈரமாகச் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது.

திருமலைச்சாமி எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. பை பெஞ்சிலிருந்து கீழே விழுந்தது.

"ஏப்பா தலைவரே! பத்து நிமிசம் நில்லுங்கப்பா! அந்தம்மா காலைப் பாருங்க!"

அப்படியே அடுப்புக்கு ஓடினார்.

"கரண்டியைக் குடுங்க டீச்சரம்மா."

"பஸ் வருதுங்கய்யா." வளைவில் பஸ் தெரிந்தது.

"வரட்டும்! அஞ்சு பேரு கட்டில்லாத காலோட கிளம்புறாங்க. நீங்க இங்க நின்னு காப்பி கிண்டிக்கிட்டிருக்கீங்க! உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

டீச்சரிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. டீச்சர் கரண்டியைக் கொடுத்துவிட்டுப் பாய்க்கு ஓடினார்.

தலைவர் நின்றார். கூட்டமும் முனகிக்கொண்டே நின்றது. டீச்சர் பச்சைச் சேலைக்காரியை உட்கார வைத்து, பொடிக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். பிறகு அடுத்த கால். பிறகு அதற்கடுத்தது. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் கொடுத்துப் பார்த்தார், பஸ் போனது. திருமலைச்சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொடியை அளந்து போட அவருக்கு நேரமில்லை. டப்பாவைக் கவிழ்த்துவிட்டார்.

காப்பி வந்தது. நாற்பது பேரும் குடித்தார்கள். நாற்பது பேரும் இருமினார்கள். பச்சைச் சேலைக்காரி டம்ளரைக் காலி செய்துவிட்டு, கட்டுப் போட்ட காலை ஊன்றிப் பார்த்தாள். இன்னொரு முறை ஊன்றிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"காரமா இருக்குய்யா," என்றாள் திருமலைச்சாமியிடம். "தூக்கக் கலக்கம் போயே போச்சு." கூட்டத்தோடு நடந்து போய் மரங்களுக்கு அந்தப் பக்கம் மறைந்தாள்.

பந்தல் அமைதியானது. திருமலைச்சாமி பானையின் அடியில் மிச்சமிருந்ததை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சத்தம் போட்டுட்டேங்க டீச்சரம்மா. மனசுல வச்சுக்காதீங்க."

"இல்லைங்கய்யா."

"இந்தக் காப்பி நல்லாவே இல்லைங்க."

"ஆமாங்கய்யா. நல்லாவே இல்ல." டீச்சர் இன்னொரு வாய் குடித்தார்.

"உங்க பக்குவம் எனக்கு எந்தக் காலத்திலயும் வராது."

"வராதுதாங்க."

"அப்புறம் எதுக்குங்க என்னைய அடுப்புல நிப்பாட்டுறீங்க?"

டீச்சர் டம்ளரில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நான் போடுற ஒரு பானை காப்பிக்கு அஞ்சு பேரு காலு விலைங்கய்யா, அந்த நேரத்துல அதைக் கட்டிருப்பேன். நீங்க போட்டா ரெண்டு பேரு காலோட போகுது, அதுவும் பத்தடியில அவுந்துபோற கட்டு. நீங்க ஊருக்குப் போயிட்டா எனக்குக் கட்டுப்படியாகாதுங்க."