பாட்டுப் பெட்டியில் லாரி விளக்கு

பேச்சிமுத்து மைக் செட் போடுகிறவர். மீசை முளைத்த நாளிலிருந்து குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே நின்றவர். அவர் பாட்டுப் போட்டால் பக்கத்து ஊர்க்காரன் சாமி கும்பிடுவான். அப்படி ஒரு பெயர்.

அருள்மேரி ஐடிஐயில் வயரிங் சொல்லித் தருகிறவர். பேச்சிமுத்துவுக்கு மகள் வயது இருக்கும். சாயங்காலத்தில் மாடி அறையில் உட்கார்ந்து ஆம்ப்ளிபயர் செய்வார். விற்பதில்லை. வேண்டும் என்று வருகிறவரையே செய்ய வைப்பார்.

பேச்சிமுத்து ஒரு நாள் அந்த மாடி ஏறினார்.

"எனக்கு ஒரு ஆம்ப்ளிபயர் செய்யணும் டீச்சர்."

"உங்ககிட்ட இல்லாததா அண்ணாச்சி?"

"அதெல்லாம் ஊருக்கு. இது வீட்டுக்கு."

"வீட்டுல யாருக்கு?"

பேச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நான் பாட்டுப் போட்டா எம் பொண்டாட்டி எந்திச்சுப் போயிருதா. அடுப்படிக்குப் போவா. இல்லன்னா பக்கத்து வீட்டுக்கு. கல்யாணம் ஆனதுல இருந்து இதான். ஒரு பாட்டாவது கூட உக்காந்து கேட்டதில்ல. செட்டு கரகரன்னு இருக்குல்லா, அதான். நல்ல செட்டா ஒண்ணு செஞ்சா உக்காருவா."

"உக்காரலன்னா?"

"அதவிட நல்லதா ஒண்ணு செய்வேன்."

அவர் பேசியது தெருமுனை வரை போனது. அருள்மேரி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பேச்சிமுத்துவின் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு வாங்க" என்றார்.

பேச்சிமுத்து நன்றாக வேலை தெரிந்தவர். பற்றவைப்பு சுத்தமாக இருந்தது. மரப்பலகை, டிரான்ஸ்பார்மர், அலுமினியத் தகட்டில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். எல்லாம் முடிந்த பிறகு அருள்மேரி ஒரு லாரி ஹெட்லைட் பல்பை எடுத்து நீட்டினார்.

"இது என்னத்துக்கு?"

"இந்த ரெண்டு கம்பிக்கு நடுவுல மாட்டுங்க."

மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். பாட்டு வந்தது. கரகரப்பு இல்லை.

பேச்சிமுத்து பாட்டைக் கவனிக்கவில்லை. பல்பையே பார்த்தார்.

"பாட்டு கேக்கவா, கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டவா?"

"ரெண்டுக்கும் ஆகும்."

"விளையாடாதீங்க. சத்தம் வாரது ஸ்பீக்கர்ல. கரண்டு வாரது டிரான்ஸ்பார்மர்ல. இது நடுவுல நின்னு எரியுது. இதுக்கு என்ன வேலை?"

"கொண்டு போய் வீட்டுல வச்சுப் பாருங்க. தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

கொண்டு போனார். அவர் மனைவி உலகம்மை வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன, வீட்டுக்குள்ள லாரி வருதா?" என்று கேட்டுவிட்டு முறத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

பேச்சிமுத்துவுக்கு அவமானமாகிவிட்டது. வெளிச்சம்தான் காரணம் என்று எண்ணினார். கோயில் கொடைக்குப் போடுகிற அலங்கார விளக்கு எல்லாவற்றையும் அவர் எப்போதோ எல்இடிக்கு மாற்றியிருந்தார். அதே கை இங்கேயும் போனது. ஹெட்லைட் பல்பைக் கழற்றினார். குட்டியாக ஒரு எல்இடியை மாட்டினார்.

மறுநாள் பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"பேச மாட்டேங்குது டீச்சர்."

அருள்மேரி பார்த்தார்.

"பல்பை மாத்தினீங்களா?"

"எல்இடி போட்டேன். கரண்டு மிச்சம். சூடும் இல்ல."

"மிச்சம் ஆச்சா?"

"ஆச்சு."

"பாட்டு?"

"வரல."

"அப்ப நீங்க மாத்தினது சரியாத்தான் வேலை செய்யுது."

பேச்சிமுத்து முறைத்தார். அருள்மேரி பழைய பல்பைத் திரும்ப மாட்டி, சுவிட்சைத் தட்டினார்.

"கெட்டுப்போன பெட்டி ஒண்ணு உங்ககிட்ட வருது. முதல்ல எப்படி அண்ணாச்சி கரண்டு கொடுப்பீங்க?"

"நடுவுல ஒரு பல்பைக் கோத்துத்தான். நேராக் கொடுத்தா கருகிரும்லா."

"எந்தப் பல்பு?"

"குண்டு பல்புதான். எல்இடி போட்டா எப்படித் தாங்..."

நிறுத்தினார். பல்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். சுட்டது. எடுத்துக்கொண்டார்.

"அப்ப இது தாங்கிக்கிட்டு நிக்குது."

"கரண்டு கூடினா இன்னும் சூடாகும். சூடானா இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கூடினது குறைஞ்சிரும். டிரான்சிஸ்டர் தப்பிச்சுக்கும்."

"பாதி கரண்டு இதுலயே போகுதே. வீணால்லா?"

அருள்மேரி சத்தத்தைக் கூட்டினார். பாட்டு வந்தது.

பேச்சிமுத்து பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்தபோது கையில் பலகை இருந்தது, முகம் தொங்கியிருந்தது.

"உக்காரல."

"பாட்டு?"

"பாட்டு சுத்தமா இருந்துச்சு. அவ அடுப்படிக்குக்கூடப் போகல. பஸ் ஏறி அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. 'மனுசி இருக்கணுமா, உன் பாட்டு இருக்கணுமா'ன்னு கேட்டுட்டுப் போறா. இன்னிக்குக் காலையிலதான் வந்தா. ஒரு வார்த்தை பேசல."

"எவ்வளவு சத்தம் வச்சீங்க?"

"கொஞ்சமாத்தான்."

"அதே அளவு இங்க வைங்க."

வைத்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே படுத்திருந்த நாய் எழுந்து போனது. அருள்மேரி காதைப் பொத்தவில்லை.

"பல்பைப் பாருங்க" என்று கையைக் காட்டினார்.

மேள அடிக்கு அடி வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது.

"ஆடுதே."

"அது நிக்கிற வரைக்கும் குறைங்க."

திருகினார். வெளிச்சம் நின்றது. அறை அமைதியானது போல அவருக்குத் தோன்றியது.

"பாட்டே நின்னுபோச்சே டீச்சர்."

"ஓடுது."

பேச்சிமுத்து சிரித்தார். அருள்மேரி சிரிக்கவில்லை. பேச்சிமுத்து குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். ஸ்பீக்கரின் காகிதம் கைக்குள் அசைந்துகொண்டிருந்தது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

பாட்டு முடிந்தது. கையில்தான் தெரிந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. ஜன்னலைச் சாத்தினேன்லா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, டீச்சருக்குக் காது சரியில்லன்னு ஊர்ல சொல்லியிருப்பீங்க."

அது உண்மைதான். பேச்சிமுத்து பலகையில் கம்பியைச் சுற்றினார்.

"எவ்வளவு வைக்கணும்?"

"வெளிச்சம் அசையக் கூடாது. உங்க காதைக் கேக்காதீங்க. பல்பைக் கேளுங்க."

பிறகு கொஞ்ச நாள் அவர் வரவில்லை. வந்தபோது வாழையிலையில் சுற்றிய அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்தார்.

"உலகம்மை கொடுத்துவிட்டா."

"உக்காந்தாங்களா?"

"முதல் நாள் வாசப்படியிலயே நின்னா. நான் திரும்பியே பாக்கல. மறுநாள் புளியைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்தா. வெளிச்சம் நல்லாருக்குன்னா. பல்புக்குப் பக்கத்துல உக்காந்து கொட்டை எடுக்குதா."

"ம்."

"நேத்து புளி இல்ல. சும்மாவே உக்காந்தா. இது வேண்டாம், அந்தப் பாட்டைப் போடுன்னா. போட்டேன். உதடு அசையுது. கூடப் பாடுதாளோன்னு நினைக்கேன்."

அருள்மேரி ஒரு கிழங்கை எடுத்து நார் உரித்தார்.

"அப்புறம் ஏன் அண்ணாச்சி முகம் இப்படி இருக்கு?"

பேச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தார். இந்த முறை அது திறந்தே இருந்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல டீச்சர். ஆடுதா ஆடுதான்னு பல்பைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். செட்டு நான் செஞ்சது. பாட்டு நான் போடுதது. எல்லாம் அவ காதுக்குப் போகுது. அந்த இடத்துல எனக்கு என்ன வேலை?"

அருள்மேரி உரித்த கிழங்கை இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியை அவரிடம் நீட்டினார்.

"பல்புக்கும்தான் ஒண்ணும் கேக்காது அண்ணாச்சி."