விசையைத் தொடாத விரல்

ஆற்று மணலுக்காக ஆளையே வெட்டிப் போடும் ஊர் ஒன்றில், பியூலா என்று ஒரு தாசில்தார் இருந்தார். மணல் லாரிகளைப் பிடித்துவைத்ததற்காக அவருக்கு மிரட்டல் வந்துகொண்டே இருந்தது. முறையாக உரிமம் எடுத்து, ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அவருடைய வலதுகை ஆட்காட்டி விரலுக்கு அன்று தலைகால் புரியவில்லை. விசையை இழுக்கப் போவது தான்தானே என்று.

ஆனால் பயிற்சி வேறு மாதிரி இருந்தது.

தினமும் மாலையில் பியூலா தோட்டாக்களைச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டுவார். துப்பாக்கி காலிதானா என்று கண்ணால் ஒரு முறை பார்ப்பார். சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு முறை தடவிப் பார்ப்பார். பிறகு கொல்லைப்பக்கம் போய், மணல் மூட்டை அடுக்கிய கருங்கல் சுவருக்கு எதிரே நிற்பார். இடதுகை குர்தாவின் ஓரத்தை விலக்கும். கட்டைவிரல் உறையின் பட்டனைத் திறக்கும். மற்ற மூன்று விரல்களும் பிடியை இறுக்கும். ஆட்காட்டி மட்டும் விசைக்கு மேலே, துப்பாக்கியின் உடம்போடு ஒட்டி நீண்டு கிடக்கவேண்டும். எடுக்கும்போதும் அப்படித்தான், மெதுவாக உறையில் திருப்பி வைக்கும்போதும் அப்படித்தான்.

"எல்லாரும் வேலை பார்க்கிறோம். நீ மட்டும் நல்லா காலை நீட்டிப் படுத்திருக்கே" என்றது கட்டைவிரல்.

ஆட்காட்டிக்குச் சுருக்கென்றது. துப்பாக்கியிடம் கேட்டது: "எனக்கு எப்போ வேலை?"

"இதுதான் உன் வேலை" என்றது துப்பாக்கி.

"சும்மா கிடக்கிறதா?"

"சுடணும்னு அந்த அம்மா முடிவெடுக்கிற வரைக்கும் நீ என் விசைகிட்டே வரக்கூடாது. சும்மா கிடக்கிறது லேசுன்னா நினைக்கிறே? முதல் வாரம் எத்தனை தடவை வழுக்கி வந்தே?"

விரல் நூறு தடவை, இருநூறு தடவை, மனசில்லாமலே நீண்டு கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மறியல் நடக்கும் இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. பயிற்சியை முடித்து, தோட்டா நிரப்பி, உறையில் வைத்துவிட்டார் பியூலா. கிளம்பும்போது வாசலறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பயந்த முகம்.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றது அவருக்குள் இருந்த அவசரம்.

"வேண்டாம், நான் இப்போ காலி இல்லை" என்றது துப்பாக்கி. அவசரத்துக்குக் காது கிடையாது.

கை உருவியது. குழல் கண்ணாடியை நோக்கி நீண்ட அதே நொடியில் மேஜைமேல் இருந்த போன் அலறியது. பியூலா திடுக்கிட்டார். கை முழுவதும் சுருண்டு இறுகியது. ஆட்காட்டியும் தன்னை அறியாமல் இறுகியது. அது விசைமேல் இல்லை. குளிர்ந்த இரும்பைத்தான் அழுத்தியது.

வெடிச்சத்தம் எழவில்லை, போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

கண்ணாடி மாட்டியிருந்தது சுவரில் இல்லை, வெறும் பலகைத் தடுப்பில். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து டிரைவர் குருவையாவின் குரல் வந்தது: "அம்மா, போன் அடிக்குது பாருங்க. வண்டி ரெடியா இருக்கு."

பியூலா துப்பாக்கியை மெல்லக் கீழே தாழ்த்தி, தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"என்ன ஆச்சு? என்ன செஞ்சே நீ?" என்றது கட்டைவிரல்.

"ஒண்ணும் செய்யலை" என்றது ஆட்காட்டி. அதைச் சொல்ல அதற்கு இப்போது வெட்கமாக இல்லை.

பியூலா அந்த ஊரில் மேலும் மூன்று வருஷம் இருந்தார். மிரட்டியவர்கள் யாரும் கடைசிவரை வரவில்லை. அந்தக் கை காப்பாற்றிய ஒரே உயிர் குருவையாதான். அது அவருக்கு இன்றுவரை தெரியாது.