அரிசிப் பானைச் சீட்டுகள்

செலவழித்தால் தீர்ந்துபோகும், சேர்த்துவைத்தால் செல்லாமல்போகும். அது என்ன? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

பழைய மில் குடியிருப்பில் துரைக்கண்ணு என்ற முதியவரும் அவர் மனைவி இளஞ்சியமும் இருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத குயிலியை வளர்த்தவர்கள் அவர்கள்தான். இளஞ்சியம் அவளுக்கு அத்தை. குயிலிக்குப் பதினொரு வயது.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட துரைக்கண்ணுவுக்கு முதுகெல்லாம் படுக்கைப் புண். முதியோரை வீட்டிலேயே பராமரிக்க நகராட்சி மாதந்தோறும் சீட்டுகள் கொடுத்தது. ஒரு சீட்டுக்குக் கனகவல்லி என்ற பணிப்பெண் வந்து ஒருவரைக் கவனிப்பாள். முதல் தடவை புண்ணைப் பார்த்ததும் குயிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு மருந்துக் கிண்ணத்தைப் பிடித்தவள் அவள்தான்.

இளஞ்சியம் பாதிச் சீட்டுகளை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். "இதைவிட மோசமான நாள் வரும்" என்பாள்.

வந்தது. கனத்த உடம்புக்காரியான இளஞ்சியம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் மறுநாளே பிடித்து எழுப்பி நிற்கவைக்காவிட்டால் அவளும் படுக்கைதான் என்றார் டாக்டர்.

மறுநாள் கனகவல்லி வந்து பானையிலிருந்த கத்தையைப் பிரித்தாள். அந்தந்த மாதச் சீட்டு அந்தந்த மாதத்தோடு சரி. ஒன்றே ஒன்றுதான் செல்லும். அதுவும் அன்றோடு முடிகிறது. புதுச் சீட்டு வரப் பத்து நாளாகும்.

"நல்ல சேலையையும் இப்படித்தான் பெட்டியிலேயே மக்கவச்சா" என்றார் துரைக்கண்ணு.

"வாயை மூடுங்க. தாயி, நீ அவரைப் பாரு. புண்ணு நாறுது" என்றாள் இளஞ்சியம் கனகவல்லியிடம்.

"அவளை எழுப்பும்மா. அவ நடந்தாத்தான் மூணு பேருக்கும் கஞ்சி" என்றார் அவர்.

யாரைக் கவனிக்கிறாளோ அவர் ரேகை பதிய வேண்டும் என்று கனகவல்லி கைரேகைக் கருவியை நீட்டினாள். இருவரும் விரலை மடக்கி, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரையும் பார்த்தா என் வேலை போயிடும். மேற்பார்வையாளர் வாசல்லயே நிக்கிறாரு" என்ற கனகவல்லி, குயிலி பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு, யாரு ரேகையை வைக்க?"

புண் அழுகுகிறவருக்கா, எழுந்தால் வீட்டைத் தாங்குகிறவளுக்கா? அந்தச் சீட்டை யாருக்குச் செலவழிப்பது சரி?

விடுகதைக்கு விடை, அந்தச் சீட்டேதான். கதைக்கு விடை இது: தன்னால் தூக்க முடியாதவள் யார், தன்னால் கழுவிவிட முடிந்தவர் யார் என்று குயிலி பார்த்தாள். அத்தையின் விரலைப் பிரித்துக் கருவியில் வைத்தாள். பிறகு வெந்நீரும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனாள். அன்று பள்ளிக்கூடம் இருந்தது. அவள் போகவில்லை.