கஸ்தூரிக்குச் சர்க்கரை ஏறிய கதை

மருதூரை ஆண்ட வீரகேசரி மகாராஜாவுக்கு எதிரிகள் பல பேர். கவலை ஒன்றே ஒன்றுதான். அவருடைய பட்டத்துப் பூனை கஸ்தூரிக்குச் சர்க்கரை வியாதி. அந்தக் காலத்தில் சர்க்கரையை அளக்கக் கருவி ஏது என்று கேட்காதீர்கள். பூனைக்குப் பல்லக்கு இருந்த ஊரில் எதுவும் இருக்கும்.

கஸ்தூரியைக் கவனித்துக்கொண்டவள் சீனியம்மாள். காலையில் அதன் காது நுனியில் ஒரு பொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைப்பாள். நூற்றிருபது காட்டும். ஒரு சொட்டு மருந்தை ஊசியில் ஏற்றிப் போடுவாள். பூனை அவள் மடியிலேயே தூங்கிவிடும். தூங்கினால், ஏன் தூங்குகிறது என்று அவளுக்குக் கவலை. விழித்தால், ஏன் விழித்தது என்று கவலை.

ஒருநாள் மந்திரி வேலாயுதராயர் புதுக் கருவி ஒன்றோடு சபைக்கு வந்தார். கப்பலில் வந்ததாம். பூனைகளுக்கென்றே செய்ததாம்.

"இத்தனை நாளும் மனிதர்களை அளக்கிற கருவியால் பட்டத்துப் பூனையை அளந்திருக்கிறார்கள் மகாராஜா! கேவலம்!"

புதுக் கருவியில் ரத்தம் வைத்தார்கள். நூற்றெண்பது காட்டியது. மகாராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார்.

"ஒரே ராத்திரியில் அறுபது ஏறிவிட்டதா? என்ன கொடுத்தாய் அதற்கு?"

"மீன் தலையைத் தவிர எதையும் அது மோந்துகூடப் பார்க்காது மகாராஜா!" என்றாள் சீனியம்மாள்.

"பேரே சீனியம்மாள்! அப்புறம் ஏறாமல் என்ன செய்யும்?" என்றார் மந்திரி.

சபை சிரித்தது. மகாராஜா சிரிக்கவில்லை.

"நாளையிலிருந்து இரண்டு சொட்டு போடு. இந்தக் கருவி நூற்றிருபது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நீ நாட்டை விட்டுப் போக வேண்டும். பூனைக்கு ஏதாவது ஆனாலோ, உன் தலை இருக்காது."

இரண்டு சொட்டு என்ன செய்யும் என்று சீனியம்மாளுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை, அவள் போட்டது தெரியாமல் வைத்தியரும் ஒரு சொட்டு போட்டுவிட்டார். கஸ்தூரி துவண்டு விழுந்தது. ஈறில் தேனைத் தடவித் தடவி அவள்தான் அதை எழுப்பினாள்.

சபை கலைந்ததும் அரசவை விகடகவி குழைக்காதரிடம் ஓடினாள். ஆள் பனைமர உயரம். வாயும் நீளம்.

"ஐயா, ரெண்டு சொட்டு போட்டா பூனை போயிரும். போடாட்டி நான் போயிருவேன். என்ன செய்ய?"

குழைக்காதர் முழுவதும் கேட்டார். "மந்திரியின் கை எவ்வளவு நீளம் இருக்கும், பார்த்திருக்கிறாயா?"

"இங்க என் உசிரு போகுது, நீங்க அவர் கையை அளக்கச் சொல்றீங்களே!"

"நீ அளக்க வேண்டாம் தாயே. நாளைக்கு அவரே அளப்பார். அதுவரை ஊசியைத் தொடாதே."

மறுநாள் காலை சீனியம்மாள் பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சபையில் நின்றாள். குழைக்காதர் ஒரு பட்டுச் சுருளையும் நூலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"மகாராஜா, பிறந்தநாள் அங்கிக்கு உயரம் பார்க்க வேண்டும்."

உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்தார். அதைத் தன் கையால் அளந்தார். "நாலு முழம். போன வருஷமும் நாலு." சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். "அடடா! என் கை உங்கள் தகப்பனார் காலத்துப் பழைய கை. பூனைக்கே புது அளவு வந்த பிறகு மகாராஜாவுக்குப் பழைய அளவா? மந்திரியாரே, நீங்கள் அளந்து சொல்லுங்கள்."

மந்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் ஆள் குட்டை. கை அதைவிடக் குட்டை. நூலை வாங்கி ஒவ்வொரு முழமாக எண்ணினார். "ஐந்தரை முழம்!"

"ஐயோ!" என்று அலறினார் குழைக்காதர். "மகாராஜா ஒன்றரை முழம் வளர்ந்துவிட்டார்! சமையற்காரனைப் பிடியுங்கள்! என்ன ஊட்டினான் என்று கேளுங்கள்!"

மகாராஜா குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"மந்திரியாரே, ஏறினதை அளந்து சொன்னவர் நீங்கள்தான். மறுபடி நாலு முழம் ஆக வேண்டும். மிச்சத்தைத் தலைப்பக்கம் எடுக்கலாமா, கால்பக்கம் எடுக்கலாமா?"

மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. "உளறாதீர்! மகாராஜா இருந்தபடியேதான் இருக்கிறார். முழம்தான் மாறியிருக்கிறது!"

அப்போது கஸ்தூரி தும்மியது.

"இன்னொரு தடவை சொல்லுங்கள் மந்திரியாரே," என்றார் குழைக்காதர். "பூனைக்குக் கேட்கவில்லையாம்."

மகாராஜா புரிந்துகொண்டார். ஒரே ரத்தத்தை இரண்டு கருவியிலும் வைக்கச் சொன்னார். பழையது நூற்றிருபது காட்டியது, புதியது நூற்றெண்பது.

"அப்படியானால் புதியது பொய் சொல்கிறதா?"

"மந்திரியாரின் முழம் பொய்யா மகாராஜா? அவர் முழத்துக்கு நீங்கள் ஐந்தரைதான். கொஞ்ச நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புதியதில் எவ்வளவு காட்டினால் பூனை சுகமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். அதுவரை ஒரு சொட்டுதான்."

மகாராஜா கிரீடம் சரியும்வரை சிரித்தார். குழைக்காதரின் நீளக் கைக்குத் தங்கக் கங்கணம் போட்டார். பிறகு சீனியம்மாளைப் பார்த்தார். அவளோ, கஸ்தூரி ஏன் தும்மியது என்ற கவலையில் இருந்தாள்.

"சீனியம்மா, உன்மேல் தப்பில்லை. இந்தப் பட்டில் உனக்குப் பதினெட்டு முழச் சேலை. மந்திரியாரே, அளந்து வெட்டிக் கொடுங்கள்."

மந்திரி வேகமாக வந்து பட்டைக் கையில் எடுத்தார். சீனியம்மாள் பதறிப்போனாள்.

"மகாராஜா, சேலையப் பழைய முழத்துலயே அளக்கச் சொல்லுங்க! புது அளவு பூனையோட போகட்டும். நான் முழங்காலுக்குக் கீழேயும் கட்டணும்!"