பாட்டு முடியுமுன் எழுந்தவள்

மெய்யம்மையின் மடத்துக்குச் செங்கமலம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பது வயது. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவள். இருபத்தாறு வருஷம் புருஷனிடம் அடிபட்டு, இடது காது கேளாமல் போனபின், உடுத்திய புடவையோடு புறப்பட்டு வந்தவள்.

குரு ஒன்றும் விசாரிக்கவில்லை. முதலில் சோறு போட்டாள். பிறகு பாடக் கற்றுக்கொடுத்தாள்.

அந்த நன்றி மனசில் நிறைந்து, நான்காம் வருஷம் ஒரு பாட்டாக வந்தது. தான் வீட்டைவிட்டு வெளியேறிய கதையையே செங்கமலம் பாட்டாகக் கட்டியிருந்தாள். தைப்பூசத்தன்று காலையில் எல்லோர் முன்னிலும் அதைப் பாடும்படி குரு சொன்னாள்.

"அடிக்கும் கை ஓயுமென்று
ஆண்டெல்லாம் காத்திருந்தேன்;
கதவு திறந்திருந்தது,
கால்தான் அஞ்சியிருந்தது"

இந்த அடியைப் பாடும்போது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தூணோரம் இருந்த ஒருத்தி மட்டும், மடியில் தூங்கிய குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். செங்கமலத்துக்குக் குரல் தடுமாறியது. எப்படியோ பாடி முடித்தாள்.

வந்தவர்கள் பாராட்டியது எதுவும் அவள் மனசில் ஏறவில்லை. கூட்டம் கலைந்ததும் குருவிடம் போய், சொந்தக் கதையைச் சபையில் பாடியதே தப்பு என்று வருந்தினாள். கேட்கப் பிடிக்காமல் ஒருத்தி பாதியில் எழுந்து போகும்படி ஆகிவிட்டதே என்றாள்.

"அவ யாருன்னு தெரியுமா, அக்கா?" என்று குரு கேட்டாள்.

"எதிர்த்தெருப் பொண்ணும்மா. முந்தானையால முகத்தை மறைச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. எழுந்தப்பதான் பாத்தேன், கன்னம் வீங்கியிருந்துச்சு."

"வீட்டுக்கா போனா?"

வாசல் பூக்காரி சொன்னதைச் செங்கமலம் சொன்னாள்.

"இல்லம்மா. பூக்காரிகிட்ட பஸ் எப்பன்னு கேட்டுட்டு, அவ அம்மா ஊருக்குப் போற பஸ்ஸுல ஏறிட்டாளாம்."

மெய்யம்மை எழுந்து வாசலுக்கு வந்தாள். பஸ் போன சாலையைப் பார்த்துக் கை கூப்பினாள்.

செங்கமலம் பின்னால் வந்து மெல்லக் கேட்டாள்: "அப்ப, பாட்டு புடிக்காம எழுந்து போகலியாம்மா?"

"பாட்டு முடியற வரைக்கும் அவ எதுக்கு உக்காந்திருக்கணும், அக்கா?"

குருவின் பக்கத்தில் நின்று அவளும் கை கூப்பினாள்.